நடுவில் நிற்காத சுவிட்ச்

உலகத்தில் இதுவரை நடந்திருக்கும் அத்தனை ஏமாற்று வேலைகளும், ஏமாந்தவர் கண்ணை மூடிய அந்த ஒரு நொடியில்தான் நடந்திருக்கின்றன என்பது துப்பறிவாளரின் கண்டுபிடிப்பு. இதை அவர் உட்கார்ந்தபடி சொல்வதில்லை. எழுந்து நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, எதிரே ஒரு பெரிய சபை கூடியிருப்பது போலச் சொல்வார். அன்று எதிரே இருந்தது ஒரே ஒரு பெண்மணி. ஓரத்து ஸ்டூலில் துப்பறிவாளரின் மச்சான்.

"செண்ட் வாங்கப் போறவன் மோந்து பாக்குறேன்னு கண்ணை மூடுவான். தண்ணியை வாங்கிட்டு வருவான். அதைக்கூட மன்னிச்சிடலாம்மா. பாட்டு கேக்குறேன்னு கண்ணை மூடுறான் பாருங்க, அவனை மன்னிக்கவே கூடாது. தகர டப்பாவுல கம்பியைக் கட்டி அவன் தலையில கட்டிடலாம். செத்துப்போனவங்க வெச்சிருந்தது, சின்ன வயசுல கேட்டதுன்னு மனசு உருகி நிக்கிறவங்களுக்கு மார்க்கெட்ல ஒரு பேர் இருக்கு. வாடிக்கையாளர். இத்தனை வருஷத்துல விலைக்கு வந்த எந்தப் பொருளுக்கு முன்னாலயும் நான் கண்ணை மூடினதே கிடையாது."

"தும்மும்போதுகூடவா மாமா?" என்றான் மச்சான்.

"ஆபீஸ்ல சார்."

"தும்மும்போதுகூடவா சார்?"

துப்பறிவாளர் இந்தக் கேள்வியை வரலாற்றின் தீர்ப்புக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தார். மச்சான் அவருடைய மனைவியின் தம்பி. முன்பு பார்த்த வேலைகளிலெல்லாம் வாயால் கெட்டு, அக்காவின் உத்தரவால் இங்கே வந்து சேர்ந்தவன். ஊரில் யாருக்கும் பயப்படாத துப்பறிவாளர் பயப்படும் ஒரே உத்தரவு அது என்பதால், இங்கே வாய் எவ்வளவு நீண்டாலும் வேலை போகாது.

வாங்கும் முன் விசாரிப்பதுதான் இவர்களுடைய தொழில். பழைய கார், பழைய வீடு, சில சமயம் பழைய மாப்பிள்ளை. கிட்டார் இதுதான் முதல் தடவை.

வந்திருந்த பெண்மணி ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் இருப்பவள். நடுத்தர வயது. பேசுவதைவிட, பேச வாயெடுத்து நிறுத்துவதே அதிகமாக இருந்தது. கடைத்தெரு இசைக்கருவிக் கடையில் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் தொங்குகிறது, அதை வாங்க வேண்டும் என்றாள். வெளிநாட்டுச் சரக்கு, அறுபதுகளில் செய்தது, செய்த நாளிலிருந்து யாரும் ஸ்க்ரூவைக்கூடத் திருகியதில்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறாராம். கேட்கும் விலைக்கு அவளுடைய சேமிப்பு மொத்தமும் போய்விடும். அதற்கும் இன்று பிற்பகல் வரைதான் நேரம். அதன்பின் வேறொருவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"அதுல யாராவது கை வெச்சிருக்காங்களா இல்லையான்னு எனக்குத் தெரியணும் சார். அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள்.

அவள் முன்னால் படியிறங்கிப் போனதும் துப்பறிவாளர் மச்சானைப் பிடித்து நிறுத்தினார். அவளுடைய இடது கை விரல்நுனிகளைக் கவனித்தாயா என்று கேட்டார். பஞ்சு போல இருக்கின்றன. கம்பியை அழுத்தும் விரலென்றால் காய்ப்பு ஏறியிருக்கும். ஆக, வாசிக்கிறவள் இல்லை. வாசிக்காதவள் கையிலிருப்பதையெல்லாம் கொட்டிக் கிட்டார் வாங்குகிறாள் என்றால் அது முதலீடு. நிலத்தில் போடும் காலம் போய் இப்போது ஜனங்கள் இதில் போடுகிறார்கள்.

மச்சானுக்கு எங்கோ இடித்தது. முதலீடு செய்கிறவர்கள் நாளைக்கு எவ்வளவுக்குப் போகும் என்றுதான் கேட்பார்கள். இவள் அந்தப் பக்கமே போகவில்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் துப்பறிவாளர் தெருவில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

இசைக்கருவிக் கடை ஒரு குறுகலான மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கிட்டார்கள், கழுத்தைப் பிடித்துத் தூக்கியது போலத் தொங்கின. கடைக்காரர் தோளில் ஒரு மஞ்சள் துணி போட்டிருந்தார். எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் அதைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். பேச ஒன்றும் இல்லாதபோது மேஜையைத் துடைத்தார்.

கிட்டார் வந்தது. பாலேடு நிறம், கறுப்புத் தகடு. துப்பறிவாளர் டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து, நோயாளியைப் பார்ப்பது போல அதைச் சுற்றி வந்தார். கழுத்தின் பின்னால் இருந்த எண் தகட்டைப் படித்தார். அது சரியாக இருந்தது. கழுத்துக் கட்டையும் அந்தக் காலத்து மரம்தான். இதில் பொய் இல்லை என்று சொல்லிவிட்டு, வாசித்துக் காட்டச் சொன்னார். பெண்மணி ஒரு டிரம் ஸ்டூலில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைக்காரர் நன்றாகவே வாசித்தார். இந்தக் கிட்டாருக்குக் காது இரண்டு என்று விளக்கினார். கம்பிகளுக்கு அடியில் கழுத்துப் பக்கம் ஒரு காந்தச் சுருள், வால் பக்கம் ஒரு காந்தச் சுருள். கம்பி அதிர்வதை இவை பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். எந்தக் காது கேட்க வேண்டும் என்பதை ஒரு சுவிட்ச் தீர்மானிக்கும். கழுத்துப் பக்கம் தள்ளினார். சத்தம் கனிந்து வந்தது. வால் பக்கம் தள்ளினார். கத்தி போல வந்தது.

துப்பறிவாளர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. மாமா ரசிகராகிவிட்டாரோ என்று மச்சானுக்கே கவலை வந்துவிட்டது. பார்த்தால் அவர் ஸ்பீக்கர் பக்கமே திரும்பவில்லை. கடைக்காரரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த சுவிட்ச் மூணு இடத்துல நிக்கும், இல்லையா?" என்றார்.

"ஆமா சார். நடுவுல வெச்சா ரெண்டு காதும் சேர்ந்து கேக்கும்."

"கழுத்துலேருந்து வாலுக்குத் தள்ளும்போது ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைக் கம்பி மேல போட்டு சத்தத்தை அமுக்கிடுறீங்க. வாலுலேருந்து கழுத்துக்கு வரும்போதும் அதேதான். நடுவுல என்ன இருக்கு?"

கடைக்காரர் கிட்டாரைத் துடைத்தார். நடுவில் யாருமே வைத்து வாசிப்பதில்லை என்றார்.

"அப்ப கம்பெனிக்காரன் எதுக்கு அந்த இடத்தை வெச்சான்?"

"இடம் மீந்திருக்கும்" என்றான் மச்சான். "எங்க வீட்டு மாடியறை மாதிரி."

சுவிட்ச் நடுவுக்கு வந்தது. கடைக்காரர் வேண்டாவெறுப்பாகக் கம்பியை மீட்டினார். இதுவரை கேட்ட சத்தத்தின் வயிறு எங்கோ போய்விட்டது, மூக்கு மட்டும் மிஞ்சியது. பக்கத்து வீட்டு ரேடியோ ஜலதோஷத்தோடு பாடுவது போல இருந்தது.

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டு மச்சான் திரும்பினான். பெண்மணி எழுந்து நின்றிருந்தாள். கைப்பை தரையில் கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

துப்பறிவாளரின் முகம் களைகட்டிவிட்டது. இரண்டு சுருளையும் கம்பெனி சுற்றியிருந்தால் இரண்டும் ஒரே பேச்சைப் பேசும். இங்கே ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. அதனால்தான் சேர்த்து வைத்தால் சத்தம் செத்துப்போகிறது. ஒரு சுருள் எப்போதோ எரிந்து, யாரோ கையால் புதுக்கம்பி சுற்றியிருக்கிறார்கள். அதுவும் எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறார்கள். கறுப்புத் தகட்டைக் கழற்றுங்கள் என்றார்.

கடைக்காரர் முனகிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனார். அப்போது பெண்மணி, யாரிடம் என்றில்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

"உள்ளே வெள்ளை நூல் கட்டியிருக்கும். முடிச்சு முடிச்சா."

துப்பறிவாளர் மச்சானின் காதோரம் குனிந்து, பரவாயில்லையே, அம்மா விஷயத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று மெச்சினார். மச்சானுக்கு அது ஒட்டவில்லை. கம்பெனிக்காரன் சுற்றியதைப் பற்றிப் படிக்கலாம். முகம் தெரியாத ஒருத்தன் எப்போதோ போட்ட முடிச்சைப் பற்றி எங்கே போய்ப் படிப்பது? 

தகடு கழன்றது. கழுத்துப் பக்கச் சுருளின் மூடியைத் தூக்கினார்கள். செம்பழுப்பு வார்னிஷில் ஊறிய சுருள். அதைச் சுற்றி வெள்ளை நூல், ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு முடிச்சு.

"இது கிட்டார் ரிப்பேர்காரன் கை இல்லை" என்றார் துப்பறிவாளர், டார்ச்சைக் கிட்டே பிடித்து. "மோட்டார் வைண்டிங் பண்றவன் கை. தண்ணி மோட்டார் ஓடுற ஓட்டத்துல சுருள் அவுந்துடக் கூடாதுன்னு இப்படித்தான் நூலால கட்டி, வார்னிஷ்ல முக்குவாங்க. கிட்டாருக்கு இந்தக் கட்டு எதுக்கு? இது எங்க ஓடப்போகுது? ஆனா அந்தக் கைக்குக் கட்டாம விட மனசு வரலை. அவன் சுத்துற மெஷினு ஒரு பக்கமாத்தான் சுத்தும், அதான் திசையும் மாறிப்போச்சு. ஆளு யாருன்னு தெரியாது. தொழிலை மட்டும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான்."

இந்த ஒன்றுக்கே விலை பாதி என்றார். கடைக்காரர் தனக்கு எதுவும் தெரியாது, வந்ததைத் துடைத்து மாட்டியதோடு சரி என்றார்.

"வேற?" என்றாள் பெண்மணி.

துப்பறிவாளருக்கு இப்படிக் கேட்கும் வாடிக்கையாளர் வாய்த்ததே இல்லை. உற்சாகம் பொங்கிவிட்டது. தகடு இருந்த இடத்தின் விளிம்பைக் காட்டினார். பாலேட்டு நிறத்துக்கு அடியில் பச்சை எட்டிப் பார்த்தது. யாரோ முழுக்கப் பச்சை அடித்திருக்கிறார்கள். அதுவும் மோட்டாருக்கு அடிக்கிற பெயிண்ட். அதன்மேல் பிற்பாடு கம்பெனி நிறத்தைப் பூசி மறைத்திருக்கிறார்கள். விலையில் இன்னொரு வெட்டு.

"வேற?"

தோள்வார் மாட்டும் குமிழைத் திருகிக் கழற்றினார். துளை அகன்றுபோய், அதில் தீக்குச்சியை ஒடித்துச் செருகிப் பசை போட்டிருந்தது. மர வேலை தெரிந்தவன் செய்கிற காரியமா இது என்று கேட்டு, இன்னொரு வெட்டு வெட்டினார்.

"வேற, சார்?"

ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதை மச்சான் பார்த்தான். முதலில் சிரிப்பு மட்டும் வந்தது. தீக்குச்சிக்கு வந்தபோது கண்ணீரும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் மஞ்சள் துணியோடு அவள் பக்கம் திரும்பப் போனார். அவர் மட்டும் இந்த முகத்தைப் பார்த்துவிட்டால் வெட்டிய விலையெல்லாம் ஒரே நிமிஷத்தில் திரும்ப முளைத்துவிடும்.

மச்சான் நடுவில் புகுந்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்த மவுத் ஆர்கனைக் காட்டி, ஊதிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டான். முடியாது என்றார் கடைக்காரர். ஊதாமல் எப்படிப் பிடிக்கும் என்றான். முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாமா என்றான். இதற்கு முன் யாரெல்லாம் ஊதியிருக்கிறார்கள், அவர்களுக்கு எப்படிப்பட்ட பல் என்று விசாரித்தான். கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. அதற்குள் பெண்மணி கீழே கிடந்த பையை எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் ஆகியிருந்தாள்.

பேரம் அதிக நேரம் நீடிக்கவில்லை. உள்ளே இருப்பதைப் பார்த்தாயிற்று, பிற்பகல் வரப்போகிறவரிடம் அதைச் சொல்லக் கூலிகூட வாங்க மாட்டேன் என்று துப்பறிவாளர் பணிவாகத் தெரிவித்தார். கேட்ட விலையில் ஒரு மூலை மட்டும் மிஞ்சியது. அதைக் கொடுத்து, கிட்டாரைப் பெட்டியில் வைத்து வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

தெருவுக்கு வந்ததும் துப்பறிவாளர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்த மோட்டார்காரன் மட்டும் வாலை ஆட்டாம இருந்திருந்தா, நீங்க இதைத் தொட்டிருக்கவே முடியாதும்மா. அவன் பண்ணின முட்டாள்தனத்துக்கு நீங்க நன்றி சொல்லணும்."

"மாமா" என்றான் மச்சான், எச்சரிக்கும் குரலில். தெரு என்பதால் அவர் திருத்தவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை.

"வீட்டு வாசல் வரைக்கும் போய்ச் சொல்லணும்."

"சொல்லத்தான் சார் கடை கடையாத் தேடினேன்" என்றாள் அவள். "அவர் என் வீட்டுக்காரர்."

எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. மூவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டி போன பிறகும் துப்பறிவாளர் ஒதுங்கிய இடத்திலேயே நின்றார்.

அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். கிட்டாரைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தாராம். ஒரு மழைநாளில் சுருள் எரிந்தபோது, ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்தபின் உட்கார்ந்து, முடியைவிட மெல்லிய கம்பியை, அறுந்து அறுந்து போனாலும் விடாமல் சுற்றினாராம். மீந்த பெயிண்டில் பச்சை அடித்தார். தீக்குச்சியை ஒடித்துக் கொடுத்தது அவள். அப்புறம் நோய் வந்து விரல்களில் உணர்ச்சி போயிற்று. ஒருநாள் அவள் கடையிலிருந்து வருவதற்குள் கிட்டாரைக் கொண்டுபோய் விற்றுவிட்டார். எங்கே என்று கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் போய் மீட்டுக்கொண்டு வந்துவிடுவாள், சும்மா கிடப்பதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றாராம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவள் பச்சைக் கிட்டாரைத் தேட ஆரம்பித்தாள். கிடைத்தது பாலேட்டு நிறத்தில் இருந்தது. உருவம் அதுதான், ஆனால் உள்ளே அவர் இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் தொடாத கிட்டார் என்பது மெய்யானால், அவளுக்கு அதில் ஒன்றுமில்லை.

"இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான் சார் வந்தேன். நீங்க எழுந்து நின்னுட்டீங்க."

துப்பறிவாளர் தன் காலணியைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா அவர் கை பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் விலை இறங்கிக்கிட்டே வந்துச்சே. அவர் இருந்து கேட்டிருந்தா சிரிச்சிருப்பார். என்னால சிரிச்சு முடிக்க முடியலை."

மச்சானின் வாயில் அந்த நேரத்துக்கு ஏற்ற ஒரு நக்கல் தயாராக இருந்தது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கினான்.

துப்பறிவாளர் கையை நீட்டி அவளிடமிருந்து கிட்டார்ப் பெட்டியை வாங்கினார். தன் குடையைக்கூட மச்சானிடம் தூக்கக் கொடுக்கிறவர், கனமான பெட்டியை இடுப்பில் இடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டு நடந்தார். மச்சான் வாங்கிக்கொள்ளப் போனபோது தரவில்லை.

வீடு ஒரு நீண்ட கட்டடத்தின் கடைசி அறை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு தடுப்பு. கட்டில் தலைமாட்டில் பழைய ரேடியோப் பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்து அவள் கணவர் தானே செய்த ஆம்ப்ளிஃபயர், மேலே விரித்த துணியோடு இருந்தது. அவள் துணியை மடித்து வைத்தாள். வயரைச் செருகும் இடம் தெரிந்திருந்தது. சுவிட்சைப் போட்டாள். அறை லேசாக இரைந்தது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள், மன்னிப்புக் கேட்பது போல. "அடுப்புகிட்டேருந்து, மூக்கால பாடாதீங்கன்னு கத்துவேன். அதுக்குன்னே நடுவுல வெச்சு வாசிப்பார்."

கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் கிடத்தினாள். சுவிட்சை நடுவில் வைத்தாள். கட்டைவிரலால் எல்லாக் கம்பிகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தாள். மெலிந்த, சளி பிடித்த அந்தச் சத்தம் எழுந்து, கட்டில் சட்டத்தில் அதிர்ந்து, தேய்ந்தது. முழுக்கத் தேயும் வரை காத்திருந்து மறுபடி இழுத்தாள்.

ரேடியோப் பெட்டி எந்தக் காலத்தது, என்ன விலை பெறும் என்று மாமாவின் கண் இந்நேரம் ஆராய்ந்து முடித்திருக்கும் என்ற நினைப்பில் மச்சான் அவர் பக்கம் திரும்பினான்.

துப்பறிவாளர் நிலைக்கட்டையில் சாய்ந்து நின்றிருந்தார். காலிப் பெட்டி இன்னும் கையில் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. அவள் மூன்றாம் முறை இழுத்தாள். சத்தம் ஓய்ந்து, வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சிய பிறகும் அவர் திறக்கவில்லை.

மச்சான் சத்தம் காட்டாமல் வெளியே போய், செருப்பு கிடந்த இடத்தில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.